ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடலாமா?

(உலகச் செவிலியர் நாளையொட்டி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களும் செவிலிய மாணவர்களும் கூடிய அவையில் ஓய்வுபெற்ற செவிலிய ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மண்ணைப் பிசைந்து பிசைந்து கைரேகை தேய்ந்துபோன அண்ணன்மார்களே, அக்காமார்களே, முன்வரிசையில் சீருடை கசங்காமல் உட்கார்ந்திருக்கும் செவிலிய மாணவியரே, மூன்றாவது வரிசையில் ஒளிந்துகொண்டிருக்கும் செவிலிய மாணவர்களே!

இன்று மே 12. அக்னி நட்சத்திரம். இந்த வெயிலில் ஒரு கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்திருக்கிறீர்களே என்று வியந்தேன். பிறகுதான் உறைத்தது. சூளை வாசலில் நிற்கிறவர்களுக்கு ஆண்டு முழுவதும் அக்னி நட்சத்திரம்தானே! இந்த மண்டபத்து மின்விசிறிக் காற்றே உங்களுக்குக் குற்றாலம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, நலம், நோய், நோய் வந்தால் நம்மைத் தாங்குவதற்கு நாட்டில் இருக்கும் ஏற்பாடு. செவிலியப் படிப்பில் முதலாண்டின் முதல் பாடமே இதுதான். பல ஆண்டுகள் நானே இதை நடத்தியிருக்கிறேன். நான் நடத்தும்போது மாணவிகள் நன்றாகத் தூங்கியும் இருக்கிறார்கள். அதனால் இன்றைக்குப் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பழமலைநாதர் கோயிலிலிருந்து தொடங்கப் போகிறேன்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. சுந்தரர் இந்த ஊருக்கு வந்தார். அப்போது இதன் பெயர் திருமுதுகுன்றம். இறைவனிடம் 12,000 பொன் பெற்றார். பெற்றவர், திருவாரூர்க்காரர்கள் பார்த்து வியக்கும்படி இந்தப் பொன் அங்கே எனக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டார். மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. ஆற்றில் போட்டார், குளத்தில் தேடினார், எடுத்தார். ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிற கதை என்று நாம் இன்றும் பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அது நம்ம ஊர்க் கதை.

அந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஓர் இடம் உண்டு. பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன்னால் சுந்தரர் அதில் ஒரு துணுக்கு வெட்டித் தன் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் வெட்டுதல் என்று பெயர். கன்னத்து மச்சம் இல்லை, மாதிரித் துண்டு. திருவாரூரில் பொன் கிடைத்ததும் அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. கையில் மச்சம் இருந்ததால்தான் குறைந்தது தெரிந்தது. தெரிந்ததால்தான் மறுபடி முறையிட்டு முழு மாற்றுப் பொன்னாக வாங்க முடிந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பதினெட்டு வயதில் செராமிக் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தீர்களே, அன்றைக்கு உங்கள் நெஞ்சு எப்படி இருந்தது? ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை உள்ளே இழுத்தீர்கள்? எத்தனை படி ஏறினால் இரைத்தது? அதற்கு மச்சம் வெட்டி வைத்தீர்களா? யாராவது வெட்டிக் கொடுத்தார்களா? நாற்பத்தைந்து வயதில் ஒரு குளத்தங்கரையில், அதாவது ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில், நின்றுகொண்டு தொலைந்ததைத் தேடுகிறோமே, எவ்வளவு தொலைந்தது என்றாவது நமக்குத் தெரியுமா?

இதுதான் இன்றைய பேச்சு. இனி எங்கே சுற்றினாலும் இந்த இடத்துக்கே திரும்பி வருவேன்.

நலம் என்றால் என்ன? நாம் ஒருவரை ஒருவர் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். நல்லா இருக்கீங்களா? சௌக்கியமா? வீட்ல எல்லாரும் சுகமா? கவனியுங்கள், உங்களுக்கு நோய் இல்லையே என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் எல்லோரும் என்று சேர்த்துக் கேட்கிறோம். மழை உண்டா, வேலை இருக்கா, பிள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா என்று அதையே நீட்டுகிறோம். நலம் என்பது உடம்பு மட்டும் இல்லை, மனசும் வீடும் ஊரும் சேர்ந்தது என்பதை நம் ஆத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே சொல்லிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 1948இல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்தில் ஏறக்குறைய இதையே எழுதியது. நோய் இல்லாதிருப்பது மட்டும் நலம் ஆகாது, உடலாலும் மனதாலும் சமூகத்தாலும் முழுமையாக நன்றாக இருக்கும் நிலையே நலம் என்றது.

நல்ல வரையறைதான். ஆனால் அந்த 'முழுமையாக' என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. முழுமையாக நன்றாக இருப்பவர் கையைத் தூக்குங்கள் என்றால் இந்த மண்டபத்தில் ஒரு கை உயருமா? மூட்டு வலி, சர்க்கரை, கடன், மகள் கல்யாணம், மருமகள் முகச்சுளிப்பு, ஏதாவது ஒன்று இல்லாத வீடு எது? அந்தக் கணக்குப்படி பார்த்தால் உலகத்தில் எல்லோரும் நோயாளிகள். அதனால் நான் மாணவிகளுக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுப்பேன். நலமும் நோயும் இரண்டு தனித்தனி அறைகள் அல்ல. ஒரே சாலையின் இரண்டு முனைகள். ஒவ்வொரு மனிதரும் அந்தச் சாலையில் எங்கோ ஓரிடத்தில் நடந்துகொண்டிருக்கிறார். இன்று இந்தப் பக்கம் நாலடி, நாளை அந்தப் பக்கம் இரண்டடி. எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைவிட, எந்தப் பக்கம் நடக்கிறார், அவரை யார் தள்ளுகிறார்கள் என்று பார்ப்பதுதான் செவிலியரின் கண்.

சரி, நோய் என்றால்? இங்கேயும் மூன்று விஷயங்களை நாம் ஒரே பானையில் போட்டு வைத்திருக்கிறோம். எக்ஸ்ரேயில் தெரிவது ஒன்று. அது மருத்துவர் பார்க்கும் நோய். "உடம்புக்கு முடியல" என்று நாம் சொல்வது இன்னொன்று. அது நமக்குள்ளே நாம் உணர்வது. மூன்றாவது, "அவனுக்கு உடம்பு சரியில்ல, நாலு நாள் படுத்திருக்கட்டும்" என்று வீடும் ஊரும் முதலாளியும் ஒத்துக்கொள்வது. மூன்றும் ஒரே நேரத்தில் வரும் என்று நினைக்கிறீர்களா? வராது. அதுவும் உழைக்கிறவருக்கு வரவே வராது. டால்காட் பார்சன்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1951இல் எழுதினார். நோயாளி என்பது சமூகம் ஒருவருக்குத் தரும் ஒரு வேடம், அந்த வேடம் போட்டவருக்கு வேலையிலிருந்து விலக்கு உண்டு என்றார். பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிற அக்காவுக்கு அந்த வேடத்தை யார் கொடுப்பார்கள்? படுத்தால் கூலி போச்சு. அதனால் நெஞ்சுக்குள் நோய் வந்து பத்து ஆண்டு ஆகியும் நோயாளி ஆகாமலே இருப்பார். நடமாட முடியாமல் விழும் அன்றைக்குத்தான் ஊர் ஒத்துக்கொள்ளும்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மருத்துவமனை, எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். தவறு என்னுடையது, இடத்தின் மேல் பழி வேண்டாம்.

நான் வார்டில் இருந்த காலம். ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர், இருமலோடு வந்து சேர்ந்தார். காசநோய்க்கு முன்பே ஒருமுறை முழுசாக மாத்திரை சாப்பிட்டு முடித்தவர். மறுபடி இருமல், இரைப்பு. கட்டிலில் சாய்ந்து படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்து அதன்மேல் முன்னால் குனிந்து உட்கார்ந்தே தூங்குவார். "என்ன பண்ணுது அண்ணே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சிஸ்டர், வெறும் சளிதான்" என்பார். சேர்க்கும்போது அவருடைய கேஸ் ஷீட்டை நிரப்பியது நான். பெயர், வயது, ஊர், தொழில். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? 'கூலி.'

இரண்டே எழுத்து. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம். வயலில் நடவு நடுகிறவரும் கூலி, செங்கல் சுமப்பவரும் கூலி, முந்திரி உடைக்கிறவரும் கூலி. ஒன்பது நாள் அவருக்குச் சூடு பார்த்தேன், நாடி பார்த்தேன், மாத்திரை கொடுத்தேன். பத்தாம் நாள் அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்தபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இவரு சட்டையைத் தண்ணியில முக்குனா தண்ணி பால் மாதிரி ஆயிடும் சிஸ்டர். இருபது வருஷமா நான்தான் உதறி உதறித் துவைக்கிறேன்." அப்போதுதான் கேட்டேன், எங்கே வேலை என்று. பீங்கான் கம்பெனியில் கல் மாவு கலக்கும் இடத்தில். ஓடிப்போய் மருத்துவரிடம் சொன்னேன். அவர் பழைய எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் வைத்து மறுபடி பார்த்தார். பேசாமல் ரொம்ப நேரம் பார்த்தார்.

எக்ஸ்ரேயில் இருந்தது சிலிகோசிஸ், கல் தூசியால் நுரையீரல் இறுகும் நோய். அது காசநோய் மாதிரியே தோற்றம் காட்டும். காசநோய்க்குக் கதவும் திறந்துவிடும். இரண்டும் சேர்ந்தும் வரும். அந்த வார்டில் எக்ஸ்ரே இருந்தது, ஆக்சிஜன் இருந்தது, படித்த மருத்துவர் இருந்தார், நானும் இருந்தேன். இல்லாதது ஒரே ஒரு கேள்வி. என்ன வேலை பார்க்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு வயது முந்நூறுக்கு மேல். இத்தாலியில் பெர்னார்தினோ ரமாட்சினி என்ற மருத்துவர் 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு இதையும் சேருங்கள், உன் தொழில் என்ன என்று கேளுங்கள் என்றார். அந்தப் புத்தகத்தில் குயவர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. மெருகுப் பூச்சில் ஈயம் கலந்ததால் அவர்களுக்குக் கை நடுங்கியதை எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் ஸ்டோக் என்ற பீங்கான் நகரத்தில், தூசியால் வரும் நெஞ்சு நோய்க்குக் 'குயவர் அழுகல்' என்றே பேர் வைத்திருந்தார்கள். ஆகவே இது நம் ஊருக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. பீங்கான் செய்த ஊர்களெல்லாம் கண்டது. கண்டு, பேர் வைத்து, பிறகு தடுக்கவும் கற்றுக்கொண்டது.

அப்படி என்னதான் செய்கிறது அந்தத் தூசி? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பீங்கானுக்குக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்று மூன்று முக்கியப் பொருள். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. நம்ம ஊர் அகல் விளக்கிலும் அது உண்டு, மின்கம்பத்து இன்சுலேட்டரிலும் உண்டு, ஃப்யூஸ் கேரியரிலும் உண்டு. வெந்து முடிந்த பொருளைப் பயன்படுத்துவதால் யாருக்கும் கெடுதி இல்லை. கார்த்திகைக்கு வாங்கிய விளக்கைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆபத்து வேகாத மாவில், காய்ந்த மாவில். சன்னல் வெளிச்சத்தில் மிதக்கிறதே, கண்ணுக்குத் தெரிகிற தூசி, அதை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துச் சளியோடு தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள். அது நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

அங்கே நம் உடம்பு துப்புரவுப் பணியாளர்களை வைத்திருக்கிறது. விழுங்கும் அணுக்கள். கிருமி வந்தால் விழுங்கிச் செரித்துவிடும். சிலிக்காத் துகளையும் விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. கல்லைத் தின்று எப்படிச் செரிப்பது? அந்த அணு செத்துப்போகும். சாகும்போது துகளையும் வெளியே விட்டு, தன்னைச் சுற்றி அழற்சியையும் கிளப்பிவிட்டுச் சாகும். அடுத்த அணு வந்து அதே துகளை விழுங்கும். அதுவும் சாகும். இப்படி விழுங்கிச் செத்து, விழுங்கிச் செத்து, அந்த இடத்தில் தழும்பு ஏறும். பஞ்சு மாதிரி விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் தழும்பால் இறுகும். காசநோய்க் கிருமியை எதிர்க்க வேண்டியதும் இதே அணுக்கள்தான். காவலாளியே செத்துவிட்டால் திருடனுக்கு என்ன தடை? கொடுமை என்னவென்றால், இது வழக்கமாகப் பத்து ஆண்டு, அதற்கும் மேல் எடுத்துக்கொண்டு மெல்ல வரும். வேலையை விட்டு நின்ற பிறகும் வளரும். வந்த தழும்பை அழிக்க இன்றுவரை மருந்து கிடையாது.

மருந்து கிடையாது. இந்த இரண்டு சொல்லை மனதில் வையுங்கள். சுந்தரருக்குக் குளத்தில் பொன் திரும்பக் கிடைத்தது. நமக்கு எந்தக் குளத்திலும் நுரையீரல் திரும்பக் கிடைக்காது. ஆற்றங்கரையிலேயே காப்பாற்றியாக வேண்டும்.

ஆற்றங்கரையில் காப்பாற்றுவதற்குப் புத்தகத்தில் முதல்நிலைத் தடுப்பு என்று பேர். பேர் பெரிது, காரியம் சிறியது. அக்காமார்களே, விடியற்காலையில் வாசல் தெளிக்காமல் பெருக்கினால் வீட்டில் என்ன நடக்கும்? மாமியார் வைவார். ஏன் வைகிறார்? புழுதி பறக்கும் என்றுதானே! தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கு என்று நமக்குச் சொல்லிக் கொடுக்க எந்தப் பல்கலைக்கழகமும் தேவைப்படவில்லை. அப்படியானால் மாவுக் கொட்டகையில் மட்டும் ஏன் காய்ந்த துடைப்பத்தைப் போட்டு வீசுகிறோம்? வீட்டு வாசலுக்குத் தெரிந்த ஞானம் வேலை வாசலுக்கு ஏன் வரவில்லை? தரையை நனைத்துத் துடையுங்கள். காய்ந்த கோப்பையின் ஓரத்தைச் சுரண்டுவதைவிட ஈரப் பஞ்சால் துடைத்து எடுங்கள். மூட்டையைக் கொட்டும் இடத்தில் தூசியை உறிஞ்சும் விசிறிக் குழாய் வேண்டும் என்று கேளுங்கள். வேலைச் சட்டையை அங்கேயே மாற்றுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து உதறினால், மாவுக் கொட்டகைக்குள் கால் வைக்காத உங்கள் மனைவியும் பிள்ளையும் அந்தத் தூசியைத்தான் சுவாசிப்பார்கள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அந்த நெசவுக்குள் இந்தத் துகள் மாட்டு வண்டி போகிற மாதிரி போகும். கொரோனா காலத்தில் பார்த்தோமே, என்95 முகக்கவசம், அது முகத்தோடு ஒட்டி இருந்தால் உதவும். அதுவும் கடைசிக் காவல்தான். முதல் காவல் தண்ணீர்.

இதையெல்லாம் சொன்னால் சிலர் கேட்பார்கள், இது என்ன நர்ஸ் பேசுகிற பேச்சா, என்ஜினீயர் பேசுகிற பேச்சு இல்லையா என்று. நைட்டிங்கேல் அம்மையார் செவிலியம் பற்றி எழுதிய சிறு புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதலில் பேசுவது ஊசியைப் பற்றியா, மாத்திரையைப் பற்றியா? காற்றைப் பற்றி! நோயாளி இருக்கும் அறையின் காற்று வெளிக்காற்றைப் போலத் தூய்மையாக இருக்க வேண்டும், அதுதான் செவிலியத்தின் முதல் விதி என்கிறார். இந்தியாவில் ஒரு நாள்கூடக் கால் வைக்காதவர் அவர். ஆனாலும் லண்டனில் உட்கார்ந்துகொண்டு இந்திய ஊர்களின் குடிநீரையும் சாக்கடையையும் பற்றிப் பல ஆண்டுகள் கணக்கெடுத்து எழுதினார். செவிலியம் கட்டிலருகே தொடங்குவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

திருவள்ளுவருக்கும் தெரியும். மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 95ஆவது அதிகாரம். அதன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கால் என்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவர். எங்கள் தொழிலுக்கு இதைவிட நல்ல பெயரை எந்த மொழியில் கண்டேன்? மூன்றாவது வரிசைத் தம்பிகளே, வள்ளுவர் ஆண்பாலில்தான் சொல்லியிருக்கிறார். ஆம்பளைப் பிள்ளைக்கு எதற்கு நர்சிங் என்று கேட்கிற சித்தப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள்!

அதே அதிகாரத்தில் இன்னொரு குறள், நோயைப் பார், அதன் வேரைப் பார், தணிக்கும் வழியைப் பார் என்று வரிசை சொல்கிறது. நாங்கள் வகுப்பில் நடத்தும் செவிலிய வழிமுறையும் இந்தச் சாயலில்தான் நடக்கும். முதலில் கேட்டுத் தெரிந்துகொள், பிறகு குறையை முடிவு செய், திட்டமிடு, செய், செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார். என் தவறு இந்த வரிசையின் முதல் படியிலேயே நடந்தது. வேரைக் கேட்கவில்லை.

வேரைக் கேட்கும் செவிலியருக்கு வேறு சிலவும் கண்ணில் படும். சூளை வேலையில் வியர்வை ஆறாக ஓடும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம். ஓர் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், ஏன் குடிப்பதில்லை என்று. "குடிச்சா போகணும்ல, எங்க போறது?" கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குறைத்து, நீர்க்கடுப்பை மடியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பீங்கான் என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவதே கழிப்பறைக் கோப்பைதான். பீங்கான் வேலை செய்கிற பெண்ணுக்கு அது இல்லை என்றால் என்ன சொல்வது? இதற்கு மாத்திரை எழுதலாமா? எழுதலாம். அடுத்த மாதம் அதே அக்கா அதே கடுப்போடு வருவார். இங்கே மருந்து என்பது நான்கு சுவரும் ஒரு கதவும், உள்ளே ஒரு தாழ்ப்பாளும்.

இனி நாட்டின் ஏற்பாட்டுக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படிக்கட்டு உங்களுக்குத் தெரியும். ஏறுவதில்தான் சிக்கல். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்கே கிராம சுகாதாரச் செவிலியர். 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேலே வட்டார நிலையம். அதற்கு மேலே நம் ஊர் அரசு மருத்துவமனை. அதற்கும் மேலே கடலூர். இன்னும் மேலே போனால் சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர். நாட்டிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம், 1939இல். 1946இல் போர் என்பவர் தலைமையிலான குழு தந்த அறிக்கை, காசில்லை என்பதற்காக யாருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று சொல்லி, கிராமம் தொட்டு மாவட்டம் வரை இந்தப் படிக்கட்டுக்கு வரைபடம் போட்டது. 2008 முதல் 108 வண்டி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும், நான் வேறு மாநிலங்களின் வார்டுகளையும் பார்த்தவள். நம் படிக்கட்டு நல்ல படிக்கட்டு.

ஆனால் நாம் எப்படி ஏறுகிறோம்? செவிலியம்மா பார்த்து அனுப்பக்கூடிய காய்ச்சலுக்கு முதல் பேருந்தைப் பிடித்து ஜிப்மர் போகிறோம். ஜிப்மரில் பார்க்க வேண்டிய நெஞ்சுக்கு மெடிக்கல் ஷாப்பில் இருமல் டானிக் வாங்கிக் குடிக்கிறோம். தலைகீழாக ஏறினால் எந்தப் படிக்கட்டும் வழுக்கத்தான் செய்யும்.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. வாசலுக்கு வருகிறவர் கையில் ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது, சர்க்கரைக் கருவி இருக்கிறது. நெஞ்சின் அளவெடுக்கும் கருவி இருக்கிறதா? ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் என்பது பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை, மேசை மேல் வைக்கிற பெட்டிதான். பீங்கான் ஊரில் அது சர்க்கரைக் கருவி போலச் சாதாரணப் பொருளாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சென்னையில் உட்கார்ந்து எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல் போட்டால் இப்படித்தான் ஆகும். நெய்வேலிக்கு ஒரு நெஞ்சு, திருப்பூருக்கு ஒரு காது, ஆம்பூருக்கு ஒரு தோல், விருத்தாசலத்துக்கு ஒரு மூச்சு. ஊருக்கு ஊர் தொழில் வேறு, தொழிலுக்குத் தொழில் தேய்மானம் வேறு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்நோய்களுக்கு இடம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் கொட்டகையில் எட்டுப் பேர், ஒன்பது பேர் என்றால்? தூசி ஆள் எண்ணிக்கை பார்த்தா பறக்கிறது? ராஜஸ்தானில் கல் உடைக்கும் தொழிலாளர்களுக்காக 2019இல் சிலிகோசிஸுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவித்தொகைக்கும் வழி செய்தார்கள். எப்படிச் சாத்தியமாயிற்று? நோய்க்குப் பேர் எழுதினார்கள், கணக்கில் ஏறிற்று, கணக்கில் ஏறியதால் பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. கேஸ் ஷீட்டில் 'கூலி' என்று எழுதியிருந்தால் எந்தக் கணக்கில் ஏறும்?

ஏற்கெனவே மூச்சு இரைப்போடு இங்கே வந்திருப்பவர்கள் மனம் உடைந்து போய்விடாதீர்கள். தழும்பை அழிக்க மருந்து இல்லை என்றேன், பார்த்துக்கொள்ள வழி இல்லை என்று சொல்லவில்லையே! இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனையில் அது இலவசம். காசநோய் என்று உறுதியானால் மருந்தும் இலவசம், சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். பீடியை இன்றைக்கே விடுங்கள், நாளைக்கு என்று சொல்லாதீர்கள். மூச்சு முட்டும்போது உட்கார்ந்து முன்னால் குனிந்து, கைகளை முட்டியில் ஊன்றி, மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் அசைக்கிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல ஊதுங்கள். இழுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஊத வேண்டும். எல்லோரும் என்னோடு ஒருமுறை செய்யுங்கள் பார்ப்போம்... நல்லது. வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து முறை சாப்பிடுங்கள். இதெல்லாம் உழைச்செல்வான் சொல்லித்தர வேண்டியவை. உங்கள் வீட்டிலும் ஓர் உழைச்செல்வான் வேண்டும். பிள்ளைகளில் ஒருவருக்கு இதைப் பழக்கி வையுங்கள்.

ஒரு சின்னக் கதையோடு என் பேச்சை இறக்கி வைக்கிறேன். சூளையிலிருந்து இறக்கிய பொருளை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்? விரலால் சுண்டிப் பார்ப்பீர்கள். கணீர் என்றால் நல்ல சரக்கு. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒதுக்கிவிடுவீர்கள். மருத்துவர் உங்கள் முதுகில் விரலால் தட்டிப் பார்க்கிறாரே, அந்த வித்தையை 1761இல் எழுதிவைத்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த அவுன்புருக்கர். அவர் அப்பா சத்திரம் நடத்தியவர். பீப்பாயில் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளும் வழக்கம் அங்கே இருந்தது. தொழிலாளியின் கையிலிருந்துதான் அந்த வித்தை மருத்துவருக்குப் போயிற்று. ஓர் அகல் விளக்கைச் சுண்டிப் பார்க்காமல் நீங்கள் விற்பதில்லை. அதைச் செய்த நெஞ்சை மட்டும் இருபது ஆண்டுகளாக யாரும் தட்டிப் பார்க்காமல் விடுவதா?

முதலாளிமார்களும் சிலர் வந்திருக்கிறீர்கள். புதிதாக ஒரு பிள்ளை வேலைக்குச் சேரும் அன்று ஓர் எக்ஸ்ரே, ஓர் ஊதல் சோதனை எடுத்து, நகலை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அதுதான் மச்சம். ஆண்டுக்கு ஒருமுறை அதோடு உரைத்துப் பாருங்கள். மாற்றுக் குறைந்தால் அப்போதே இடத்தை மாற்றுங்கள். செவிலியப் பிள்ளைகளே, தொழில் என்ற கட்டத்தை நிரப்பும்போது பேனாவை ஒரு நிமிடம் நிறுத்தி, என்ன வேலை, எந்த இடத்தில், எத்தனை வருஷம் என்று மூன்றும் கேளுங்கள்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஓ.பி. சீட்டு வாங்கும்போது, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: நான் பீங்கான் வேலை செய்கிறேன், இத்தனை வருஷமாகச் செய்கிறேன், இதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்து நகருங்கள்.